சுமை ஏற்றிப் பார்த்தல்

பொத்தானை அழுத்தினால் ஒரு பீப்.
ஒரு நொடி நீலம்.
பிறகு ஒன்றுமில்லை.
ஐப்பசி இடிக்குப் பின் மூன்று நாளாய் இப்படி.

களியக்காவிளையில் என் செல்போன் கடை மாடியில்
வெள்ளிதோறும் ரெக்ஸின் அண்ணனும் நானும் பந்து ஆடுவோம், திரையில்.
அவன் கோல் போட்டால் நான் சுவரைப் பார்ப்பேன்.
நான் போட்டால் அவன் தண்ணீர் குடிக்கப் போவான்.
எழுபத்து மூன்று சென்ட் ரப்பரை
எங்களுக்குப் பாகம் வைத்த நாள் முதல்
பேச்சு இல்லை. ஆட்டம் உண்டு.

முதலில் யாரும் செய்வதைத்தான் செய்தோம்.
பிளக்கை வேறு துளையில் சொருகினோம்.
ஃபியூஸைக் கழற்றி ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தோம்,
இழை அறுந்திருக்கவில்லை.
ஒயரைப் பிடுங்கிவிட்டு, முப்பது எண்ணும்வரை பொத்தானை அமுக்கினான் அவன்.
எண்ணியது நான். சத்தமாக.
எட்டு மாதத்தில் நான் அவனிடம் சொன்ன முதல் முப்பது சொற்கள்.

பெட்டியின் குற்றமா, எங்கள் ஊர்க் கரண்டின் குற்றமா?
அவன் கேட்கவில்லை. துண்டில் சுற்றி
பைக் டேங்க் மேல் வைத்துக்கொண்டான்.
நான் பின்னால் ஏறினேன்.
செக்போஸ்ட் தாண்டி, லாட்டரிக் கடைகள் தாண்டி
இஞ்சிவிளையில் அவன் வீடு.
அங்கே கரண்டுக்கு வேறு வாரியம், பில்லில் வேறு எழுத்து.
சொருகினோம்.
பீப். ஒரு நொடி நீலம்.
"சாய இடட்டே?" என்றாள் ஷீபா அண்ணி,
ஒரே பைக்கில் வந்த இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து.

ஆக, கோட்டுக்கு அந்தப் பக்கமும் குற்றமில்லை, இந்தப் பக்கமும் இல்லை.

திரும்பி என் மாடி. மூடியைத் திறந்தால்
தூசி, செத்த எறும்பு, பல்லி முட்டை ஓடு ஒன்று.
அவன் விரல் நீண்டது.
"தொடாத," என்றேன்.
பிடுங்கிப் போட்டாலும் பெரிய கெப்பாசிட்டருக்குள்
முந்நூறு வோல்ட் குந்திக்கொண்டிருக்கும்.
நூறு வாட்ஸ் பல்பை அதன் கால்களில் வைத்தேன்.
ஒரு பளிச்.
வடிந்தது.

சப்ளையைத் தனியே எடுத்து மறுபடி சொருகினோம்.
மீட்டர் என் கையில். முனைகள் அவன் கையில்.
"அஞ்சு?"
"இருக்கு."
"பன்னெண்டு?"
"இருக்கு."
எல்லாம் இருக்கிறது. பிறகு என்ன கேடு இந்தச் சவத்துக்கு?

சும்மா கிடக்கும்போது எல்லாச் சப்ளையும் நல்ல சப்ளைதான்.
சுமை ஏற்ற வேண்டும்.
பன்னிரண்டு வோல்ட்டில் சுமைக்கு இந்நேரம் எங்கே போவது?
ரெக்ஸின் அண்ணன் ஸ்க்ரூடிரைவரோடு படி இறங்கினான்.
வந்தபோது உள்ளங்கையில் அவன் பைக்கின் ஹெட்லைட் பல்பு.

மாட்டினோம். மஞ்சளாய் எரிந்து, சிவந்து,
மீட்டரில் பன்னிரண்டு, ஒன்பது, ஏழு...
"விழுது," என்றான்.
"விழுது," என்றேன்.
சந்தோஷமாக இருந்தது.

பின்வரிசையில் ஒரு கெப்பாசிட்டர்
பணியாரம்போல் தலை உப்பி நின்றது.
உடைந்த செட்டாப் பாக்ஸிலிருந்து அதே அளவில் ஒன்றைப் பிடுங்கினேன்.
சூட்டுக்கோல் நான், ஈயக்கம்பி அவன்.
மாற்றிப் பற்றவைத்தால் வெடிக்கும்.
"கோடு எந்தப் பக்கம்?" என்றான்.
சர்வேயர் கல் நட்ட அன்றும் இதையேதான் கேட்டான்.
கொஞ்ச நேரம் புகை மட்டும் எழுந்தது.
"உன் பக்கம்," என்றேன்.

பல்பு வெள்ளையாய் நின்றது. பதினொன்று புள்ளி ஒன்பது.
விழவில்லை.
பூட்டி முடித்தபோது ஒரு திருகாணி மிச்சம்.
ஒரே ஒரு ஆட்டம். ரெண்டுக்கு ரெண்டு.
போய்விட்டான், சொல்லாமல்.

பைக் சத்தம் செக்போஸ்ட் பக்கம் தேய்ந்த பிறகுதான் பார்த்தேன்,
அவன் ஹெட்லைட் பல்பு என் மேசையில்.
தெருவிளக்கு இல்லாத வளைவு. அதற்கப்பால் கேரளா போலீஸ்.
ஃபோனை எடுத்தேன். நம்பரை அழித்திருக்கவில்லை.
நாலாவது மணிக்கு எடுத்தான்.

"என்னடே, மறுபடியும் போச்சா?"